ஸ்கோரர் பதில்கள்: இந்த முறை முழுக்க லாரா

சென்ற இதழில் ஒரு வாசகர், டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒருவர் எடுத்த அதிகபட்ச ரன் எது என்று கேட்டிருந்தார். "பிரையன் லாரா, 400 நாட் அவுட், 2004" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆசிரியர் கடிதக் கட்டை அப்படியே என் பக்கம் தள்ளி, "இந்த முறை லாராவையே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கிரிக்கெட் ஆடியவன் இல்லை. கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் லீக் மேட்சுகளுக்கு ஸ்கோர் எழுதியவன். யார் எப்படி ஆடினாலும் என் கண் முதலில் எண்ணிக்கைக்குத்தான் போகும்.

வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடு மேப்பிலேயே இல்லையே, அப்படியானால் லாரா எந்த நாட்டுக்காரர் ஐயா? (ஏழாம் வகுப்பு மாணவி, சேலம்)

சரியாகத்தான் தேடியிருக்கிறாய், அம்மா. கரீபியன் கடலில் இருக்கும் பல தீவு நாடுகளும், தென் அமெரிக்கக் கரையில் இருக்கும் கயானாவும் கிரிக்கெட்டுக்கு மட்டும் ஒன்றுகூடி ஒரே அணியாக ஆடுகின்றன. கால்பந்து என்றால் தனித்தனிதான். லாரா டிரினிடாட்காரர். சாந்தா குரூஸ் பள்ளத்தாக்கில் கன்டாரோ என்ற சிற்றூரில் 1969 மே 2 அன்று பிறந்தார். வீட்டில் பதினொரு பிள்ளைகள், இவர் பத்தாவது. அப்பா பன்ட்டி, அம்மா பேர்ல்.

முதல் பேட்டைச் செய்து கொடுத்தது ஓர் அண்ணன். தென்னை மட்டையைச் சீவிய பேட். நம் ஊர்ப் பையன்களுக்கும் அது தெரிந்த பேட்தான், விளக்க வேண்டியதில்லை. வீட்டு முகப்பில் பூந்தொட்டிகளை ஃபீல்டர்களாக நிறுத்தி வைத்து, கோலிக்குண்டை அடித்து, தொட்டிகளுக்கு நடுவில் இடைவெளி தேடுவாராம். பிற்காலத்தில் கவரில் இரண்டு ஃபீல்டர் நிற்கும்போதும் நடுவில் பந்தைச் செருகியவர் இவர். ஆறு வயதில் அக்கா ஆக்னஸ் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஹார்வர்டு கோச்சிங் கிளினிக்கில் சேர்த்துவிட்டார். அமெரிக்கப் பல்கலைக்கழகம் இல்லை; போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இருக்கும் விளையாட்டு கிளப்.

படித்தது ஃபாத்திமா கல்லூரி என்ற பள்ளியில். 1987ல் வெஸ்ட் இண்டீஸ் இளையோர் போட்டியில் 498 ரன் எடுத்து கார்ல் ஹூப்பரின் பழைய கணக்கைத் தாண்டினார். அடுத்த வருடம் டிரினிடாட் அணிக்கு ஆடிய இரண்டாவது ஆட்டத்திலேயே, மால்கம் மார்ஷலும் ஜோயல் கார்னரும் வீசிய பார்படாஸுக்கு எதிராக 92. முதல் டெஸ்ட் 1990 டிசம்பரில், லாகூரில். அதற்குப் பிறகும் நிலையான இடத்துக்குக் கொஞ்ச காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அணியில் அவ்வளவு நெரிசல்.

மகளுக்கு சிட்னி என்று பெயர் வைத்தது ஏன்? (ஆரணி வாசகி)

1993 ஜனவரியில் சிட்னி மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 277 எடுத்தார். அதுதான் அவருடைய முதல் டெஸ்ட் சதம். அன்றைக்கு அவரை எந்தப் பந்துவீச்சாளரும் அவுட் ஆக்கவில்லை, ரன் அவுட்.

375 எடுத்தபோது கால் ஸ்டம்பில் பட்டது, பெயில் விழவில்லை என்கிறார்களே, உண்மையா கட்டுக்கதையா? (விருதுநகர் வாசகர்)

உண்மை. 1994 ஏப்ரல் 18, ஆன்டிகுவாவில் செயின்ட் ஜான்ஸ் மைதானம், எதிரில் இங்கிலாந்து. கேரி சோபர்ஸ் 1958ல் பாகிஸ்தானுக்கு எதிராக எடுத்த 365 நாட் அவுட் 36 வருடமாக அசையாமல் நின்றிருந்தது. லாரா 365ஐத் தொட்டு நிற்கிறார். கிறிஸ் லூயிஸ் ஒரு ஷார்ட் பால் போட, சுழன்று புல் அடித்தார், நான்கு ரன். கூட்டம் உள்ளே பாய்ந்துவிட்டது. சோபர்ஸே மைதானத்துக்குள் நடந்து வந்து கட்டிக்கொண்டார். ஆனால் அந்த அடியில் சுழன்றபோது லாராவின் கால் ஸ்டம்பை உரசியிருந்தது. ஸ்டம்பின் மேல் இருக்கும் பெயில் என்ற சின்னக் கட்டை கொஞ்சம் எழும்பி மறுபடி உட்கார்ந்துகொண்டது. விழுந்திருந்தால் ஹிட் விக்கெட் என்று அவுட். சோபர்ஸும் லாராவும் 365ல் சமமாக நின்றிருப்பார்கள்.

அப்போது எதிர்முனையில் நின்றவர் சிவ்நாராயண் சந்தர்பால், கயானாக்காரர், பத்தொன்பது வயது. அவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை என்பதால் சொல்கிறேன். அவ்வளவு பெரிய இன்னிங்ஸில் மறுமுனை விழாமல் நிற்பது பாதி வேலை. 75 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார்.

ஒரே ஆள் 501 ரன்! அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள் சார். எப்படி முடியும்? (பள்ளிபாளையம் வாசகர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

375க்குப் பிறகு லாரா நேராக இங்கிலாந்து போய் வார்விக்ஷயர் கவுண்டி அணியில் சேர்ந்தார். அந்த இடம் முதலில் நம் மனோஜ் பிரபாகருக்கு என்று பேசி வைத்திருந்தது. காயம் காரணமாக அவர் வர முடியாமல் போனது. லாரா போனதும் சதம் சதமாக வந்தது. 375ஐயும் சேர்த்துக் கணக்கிட்டால் எட்டு இன்னிங்ஸில் ஏழு சதம். அந்த ஏழாவதுதான் இது.

பர்மிங்ஹாமில் எட்ஜ்பாஸ்டன் மைதானம். டர்ஹாம் முதலில் ஆடி 556 எடுத்து, போதும் என்று தானே ஆட்டத்தை நிறுத்தி டிக்ளேர் செய்தது. அதில் ஜான் மோரிஸ் என்பவர் 204. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். வார்விக்ஷயர் ஆட வந்தபோது லாரா 12ல் போல்டு ஆனார், பார்த்தால் நோ-பால், அவுட் இல்லை. வீசியவர் ஆன்டர்சன் கம்மின்ஸ், அவரும் வெஸ்ட் இண்டீஸ்காரர்தான். 18ல் ஒரு சுலபமான கேட்சை விக்கெட் கீப்பர் கிறிஸ் ஸ்காட் விட்டார். "இனி இவர் சதம் அடித்துவிடுவார்" என்று ஸ்காட் புலம்பியதாகச் சொல்வார்கள். பாவம், ஐந்தில் ஒரு பங்குதான் பயந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலை 111. சனிக்கிழமை முழுக்க மழை. அதோடு ஆட்டத்தில் வெற்றி தோல்வி வராது என்பது முடிவாகிவிட்டது. ஜூன் 6, திங்கட்கிழமை கடைசி நாள். அன்று ஒரே நாளில் 390 ரன் எடுத்தார். சாப்பாட்டு இடைவேளைக்குள் மட்டும் 174. மொத்தம் 427 பந்து, 62 பவுண்டரி, 10 சிக்ஸர். நான் எழுதும் வழக்கத்தில் பவுண்டரிக்குச் சிவப்பு மை. அந்த இன்னிங்ஸை என் நோட்டில் பிரதி எடுத்தால் பக்கம் முழுக்க அம்மை போட்டது போல இருக்கும்.

அன்றைய விதிப்படி ஆட்டம் சாயங்காலம் 5.30க்கு முடிந்துவிடும். லாராவுக்கு அது தெரியாது. கடைசி ஓவரைப் போட வந்தவர் அந்த ஜான் மோரிஸ். எப்போதாவது பந்து வீசுகிறவர். லாரா 497ல் நிற்கிறார். மூன்று பந்தைச் சாவகாசமாகத் தடுத்தார். நான்காவது ஹெல்மெட்டில் பட்டது. எதிர்முனையில் இருந்த கீத் பைப்பர் ஓடி வந்து, "இதுதான் கடைசி ஓவர், இன்னும் இரண்டு பந்துதான்" என்றார். அடுத்த பந்து கவர் வழியாக எல்லைக்கோட்டைத் தாண்டியது. 501. வார்விக்ஷயர் நான்கு விக்கெட்டுக்கு 810.

அதற்கு முந்தைய சாதனை பாகிஸ்தானின் ஹனீஃப் முகமது, 499. 1959 ஜனவரியில் கராச்சி அணிக்காக, பஹாவல்பூருக்கு எதிராக. ஸ்கோர் எழுதுகிற யாருக்கும் அந்தக் கதை வயிற்றைக் கலக்கும். அன்றைக்கு ஆட்டம் முடிய இரண்டு பந்து இருக்கும்போது ஸ்கோர்போர்டு அவரை 496 என்று காட்டியது. இன்னும் நான்கு வேண்டுமே, கடைசிப் பந்துக்கு நாமே ஸ்ட்ரைக்கில் இருக்க வேண்டும் என்று இல்லாத இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனார். திரும்பி நடக்கும்போதுதான் போர்டை 499 என்று மாற்றினார்கள். உண்மையில் அவர் 498ல் இருந்திருக்கிறார். போர்டு சரியாக இருந்திருந்தால் அந்த ஓட்டத்துக்கே தேவை இருந்திருக்காது. எண் பலகையை மாற்றுகிற பையனை நான் எப்போதும் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டது இதனால்தான்.

400 சாதனைக்காக அணியின் வெற்றியைப் பலி கொடுத்தார் லாரா. சுயநலம்தானே? நேர்மையாகப் பதில் சொல்லவும். (மதுரை வாசகர்)

நேர்மையாகவே சொல்கிறேன், அண்ணே. பாதி ஒத்துக்கொள்கிறேன்.

பின்னணி இது. 2003 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மேத்யூ ஹெய்டன் பெர்த்தில் ஜிம்பாப்வேயைப் பிடித்து 380 அடித்து 375ஐத் தாண்டிவிட்டார். அடுத்த வருடம் இங்கிலாந்து கரீபியனுக்கு வருகிறது. முதல் டெஸ்ட்டில் ஜமைக்காவில் வெஸ்ட் இண்டீஸ் 47க்குச் சுருண்டது. இங்கிலாந்தின் ஹார்மிசன் 12 ரன்னுக்கு ஏழு விக்கெட். முதல் மூன்று டெஸ்ட்டும் தோல்வி. கேப்டன் லாரா அந்த ஆறு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்தது 100 ரன். ஊர் முழுக்கத் திட்டு. நான்காவது டெஸ்ட் அதே செயின்ட் ஜான்ஸ் மைதானம், அதே இங்கிலாந்து. 582 பந்தில் 400. கேரத் பாட்டியை சிக்ஸர் அடித்து 380ஐத் தொட்டார், பிறகு ஸ்வீப் செய்து தாண்டினார். மறுமுனையில் ரிட்லி ஜேக்கப்ஸ் 107 நாட் அவுட். 751க்கு ஐந்து என்று டிக்ளேர் செய்தபோது மூன்றாம் நாள் ஆகிவிட்டது. இங்கிலாந்து ஃபாலோ-ஆன் (உடனே மறுபடி ஆட வேண்டிய நிலை) வாங்கியும் தப்பித்துக்கொண்டது. அரை நாள் முன்னாடி டிக்ளேர் செய்திருக்கலாம் என்று ரிக்கி பான்டிங் உட்படப் பலர் குறை சொன்னார்கள்.

குறை சொன்னவர்கள் மறந்தது, அந்த மைதானம் தார் ரோடு மாதிரி கிடந்தது. இரண்டாவது இன்னிங்ஸிலும் இங்கிலாந்து ஐந்து விக்கெட்தான் இழந்தது. அரை நாள் கூடக் கிடைத்திருந்தால் மீதி ஐந்தும் விழுந்திருக்கும் என்று யார் கையெழுத்துப் போடுவார்கள்? நான்குக்குப் பூஜ்யம் என்று சொந்த ஊரில் அசிங்கப்படாமல் காப்பாற்றியதும் அந்த இன்னிங்ஸ்தான்.

நான் ஒத்துக்கொள்கிற பாதி வேறு. 277, 375, 501, 400, இந்த நான்கு ஆட்டத்தின் முடிவையும் எழுதிப் பாருங்கள்: டிரா, டிரா, டிரா, டிரா. அவருடைய மிகப் பெரிய எண்கள் எதுவும் ஆட்டத்தின் போக்கைத் திருப்பவில்லை. பொது அறிவுப் புத்தகங்கள் லாராவைத் தப்பான பக்கத்தில் வைத்திருக்கின்றன என்பது என் நெடுநாள் வருத்தம். சரியான பக்கம் எது என்று கீழே இரண்டு கடிதங்கள் கேட்டிருக்கின்றன.

முரளிதரனை லாரா போல யாரும் அடித்ததில்லை என்று என் அப்பா சொல்வார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (யாழ்ப்பாணம் வாசகர்)

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தான் வீசியவர்களில் லாராதான் கடினமானவர் என்று முரளியே சொல்லியிருக்கிறார்.

2001 நவம்பர், டிசம்பர். காலி, கண்டி, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம் என்று மூன்று டெஸ்ட். லாராவின் கணக்கு இது: காலியில் 178, 40. கண்டியில் 74, 45. கொழும்பில் 221, 130. மொத்தம் 688. அணி எடுத்த ரன்களில் 42 சதவீதம் ஒரு ஆள். தொடரின் முடிவு? இலங்கை மூன்றுக்குப் பூஜ்யம். கொழும்பில் ஒரே டெஸ்ட்டில் 351 ரன் எடுத்துவிட்டு, பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றுப்போய் நின்றார் அந்த மனுஷன். அந்த ஆட்டத்தில் சமிந்த வாஸ் 14 விக்கெட். ஒரு பக்கம் வாஸ், ஒரு பக்கம் முரளி. மற்றவர்கள் வருவதும் போவதுமாக இருக்க, லாரா மட்டும் நின்றார்.

எப்படி ஆடினார் என்பதுதான் விஷயம். அந்தக் காலத்தில் முரளியிடம் பலரும் பந்து தரையில் பட்டபின் திரும்புவதைப் பார்த்து ஆடப் போய் மாட்டிக்கொண்டார்கள். லாரா முரளியின் கையிலிருந்தே படித்தார். பந்து பேட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் இறங்கி வந்து அடிப்பார், தள்ளி முன்னாலேயே விழுந்தால் பின்னால் போய்க் கடைசி நொடியில் வெட்டுவார், நடுவில் விழுந்தால் ஸ்வீப். முரளி எந்த நீளத்திலும் நிலைத்து வீச முடியாமல் செய்ததுதான் அதில் உள்ள சூட்சுமம். கண்டித் தமிழர் வீசுகிறார் என்று நம் பக்கத்து வீடுகளில் முரளிக்குத்தான் ஆதரவு. ஆனாலும் கொழும்பு டெஸ்ட்டின்போது நாங்கள் எல்லோரும் கட்சி மாறிவிட்டோம்.

கொடுமை என்னவென்றால், டெஸ்ட்டுகள் முடிந்து ஒரு நாள் போட்டியில் ரன் ஓடும்போது இலங்கை வீரர் மார்வன் அத்தபத்து மீது மோதி முழங்கை மூட்டு விலகிப்போனது. அவ்வளவு நல்ல ஃபார்ம் அப்படிப் பாதியில் அறுந்தது.

ஒரே ஒரு லாரா இன்னிங்ஸைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் எதைப் பார்க்கலாம்? (பெங்களூருவில் பணிபுரியும் வாசகி)

153 நாட் அவுட். பார்படாஸின் பிரிட்ஜ்டவுன், 1999 மார்ச் 30. தேடினால் கிடைக்கும். ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் ருசி.

முந்தைய நவம்பரில் சம்பளத் தகராறு. தென்னாப்பிரிக்கா போக வேண்டிய வெஸ்ட் இண்டீஸ் வீரர்கள் லண்டன் ஹீத்ரோவில் ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டார்கள். கிரிக்கெட் வாரியம் கேப்டன் லாராவையும் துணைக் கேப்டன் ஹூப்பரையும் நீக்கியது, சமரசம் ஆனதும் மறுபடி சேர்த்தது. போய் ஐந்து டெஸ்ட்டும் தோற்றார்கள். ஊர் திரும்பியதும் ஆஸ்திரேலியா வந்தது. முதல் டெஸ்ட்டில் லாராவின் சொந்தத் தீவில், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் 51க்கு ஆல் அவுட். வாரியம் இரண்டே டெஸ்ட்டுக்குத்தான் கேப்டன் பதவி என்று கெடு வைத்திருந்தது. அடுத்து ஜமைக்கா. 37க்கு நான்கு விக்கெட் போன நிலையிலிருந்து ஜிம்மி ஆடம்ஸுடன் 322 ரன் கூட்டணி. லாரா 213. பத்து விக்கெட்டில் வெற்றி.

அப்புறம் பார்படாஸ். இலக்கு 308. 105க்கு ஐந்து. எதிரில் மெக்ரா, கில்லெஸ்பி, வார்ன், மெக்கில். மெக்ரா அந்த இன்னிங்ஸில் 44 ஓவர் வீசினார். ஒரு பந்து லாராவின் ஹெல்மெட்டில் அடித்துக் கீழே தள்ளியது. எழுந்து ஆடினார். 248க்கு எட்டு விக்கெட் போனதும் ஆம்ப்ரோஸ் வந்தார். அவர் 39 பந்து தாக்குப்பிடித்து 12 ரன். இருவரும் சேர்த்தது 54. லாரா 145ல் இருந்தபோது கீப்பர் ஹீலி ஒரு கேட்சை விட்டார். ஹீலி விடுகிற ஆள் இல்லை. பிறகு ஆம்ப்ரோஸும் அவுட். கடைசி ஆள் கோர்ட்னி வால்ஷ். டெஸ்ட் வாழ்க்கையில் 43 முறை முட்டை வாங்கியவர். அவர் ஐந்து பந்தைத் தடுத்தார். லாரா கில்லெஸ்பியைக் கவர் வழியாக நான்கு அடித்து முடித்தார். ஒரு விக்கெட் வித்தியாசம்.

என் நோட்டில் அந்த ஐந்து பந்தும் வெறும் ஐந்து புள்ளிதான். ஆனால் அந்த 153க்கு அடுத்தபடியாக நான் மதிப்பது அந்த ஐந்து புள்ளியைத்தான்.

சச்சினா, லாராவா? (பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள்)

உங்கள் வீட்டில் சண்டை மூட்ட எனக்கு விருப்பமில்லை. எண்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். சச்சின் 200 டெஸ்ட், 15,921 ரன், 51 சதம். லாரா 131 டெஸ்ட், 11,953 ரன், சராசரி 52.88, 34 சதம். அந்த 34ல் ஒன்பது, 200க்கு மேல். சச்சினுக்கு 200க்கு மேல் ஆறு. லாரா 2005ல் அடிலெய்டில் 226 எடுத்தபோது ஆலன் பார்டரைத் தாண்டி உலகில் அதிக ரன் எடுத்தவர் ஆனார். 2008 அக்டோபரில் மொஹாலியில் சச்சின் லாராவைத் தாண்டினார்.

ஒரு நாள் போட்டியில் போட்டியே இல்லை, சச்சின்தான். லாரா 299 ஆட்டத்தில் 10,405. டெஸ்ட்டில் என் மனதில் ஒரு கணக்கு இருக்கிறது. லாரா ஆடிய 131ல் 63 தோல்வி. தோற்கிற அணியில் பாதிப் பாரத்தைச் சுமந்துகொண்டு எடுத்த ரன்னுக்கு எவ்வளவு கூட்டிப் போடுவது என்பது அவரவர் விருப்பம். நான் கொஞ்சம் தாராளமாகவே போடுவேன்.

இந்தியாவுக்கு எதிராக மட்டும் லாரா சுமார்தானே? (ஈரோடு வாசகர்)

ஆமாம். இரண்டே டெஸ்ட் சதம், இரண்டும் கரீபியனில். இங்கே டெஸ்ட் ஆட வந்தது 1994ல் ஒரே முறை, சதம் இல்லை. ஆனால் கேப்டனாக அவர் நமக்குக் கொடுத்த ஒரு அடி இன்னும் வலிக்கிறது. 1997 மார்ச், பார்படாஸ். வால்ஷுக்குப் பதிலாக லாரா கேப்டன். அவருக்கு அதுதான் முதல் தடவை. நமக்கு ஜெயிக்க வேண்டியது 120. 81க்குச் சுருண்டோம். அப்போது நம் கேப்டன் சச்சின். மேலே பதினேழு பேர் கேட்ட கேள்விக்கு இதையும் சேர்த்துக்கொள்ளலாம், சேர்க்காமலும் விடலாம்.

லாராவை அதிகம் தொந்தரவு செய்த பந்துவீச்சாளர் யார்? (நாகர்கோவில் வாசகர்)

கிளென் மெக்ரா. டெஸ்ட்டில் 15 முறை வீழ்த்தினார். 2000ல் பெர்த்தில் மெக்ராவின் 300வது விக்கெட்டே லாராதான். அதுவும் ஹாட்ரிக்கின் நடுப் பந்தில்.

வியான் முல்டர் 367ல் டிக்ளேர் செய்தது சரியா? 400ஐ யாராவது தாண்டுவார்களா? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

2025 ஜூலை, புலவாயோ, ஜிம்பாப்வேக்கு எதிராக. தென்னாப்பிரிக்கக் கேப்டனாக முல்டருக்கு அது முதல் ஆட்டம். 334 பந்தில் 367, இரண்டாம் நாள் சாப்பாட்டு வேளை, இன்னும் 34 ரன் எடுத்தால் உலக சாதனை, மூன்று நாளுக்கு மேல் நேரம் இருக்கிறது. டிக்ளேர். அந்தச் சாதனை லாராவிடம்தான் இருக்க வேண்டும் என்று காரணம் சொன்னார். பெருந்தன்மைதான் தம்பி, ஆனால் எனக்கு ஒப்பவில்லை. முறியடிக்க வேண்டாம் என்று யாரோ விட்டுக்கொடுத்ததால் நிற்கிற சாதனை லாராவுக்கும் பெருமை இல்லை. முயன்றிருக்க வேண்டும் என்று லாராவே தன்னிடம் சொன்னதாக முல்டர் பிறகு சொன்னார்.

நேர்வழியில் நெருங்கியவர்களும் உண்டு. 2006ல் கொழும்பில் மஹேல ஜெயவர்தனே 374. லாராவின் பழைய 375க்கு ஒன்று குறைவு. நம் சேப்பாக்கத்தில் 2008ல் சேவாக் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 319. 300ஐ 278 பந்தில் எட்டினார். மூன்றாம் நாள் மாலையில் 309. மறுநாள் காலை அரை மணி நேரம் கூடுதலாக நின்றிருந்தால் என்று சென்னைக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். இப்போது இங்கிலாந்து ஆடுகிற வேகத்தில், ஹாரி புரூக் 2024ல் முல்தானில் 317 அடித்ததைப் பார்த்தால், 400 நிரந்தரம் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன். தட்டையான பிட்ச், சோர்ந்த பந்துவீச்சு, டிக்ளேர் செய்ய அவசரப்படாத கேப்டன், இந்த மூன்றும் ஒரே நாளில் சேர வேண்டும்.

ஐ.பி.எல்.லில் லாரா ஏன் ஆடவில்லை? (காரைக்கால் வாசகர்)

அவர் 2007ல் ஓய்வு பெற்றதும் இந்திய வாரியம் அங்கீகரிக்காத ஐ.சி.எல். (இந்தியன் கிரிக்கெட் லீக்) என்ற தொடரில் மும்பை சாம்ப்ஸ் அணிக்குப் போனார். பிறகு ஐ.பி.எல்.லுக்கு வந்தது பயிற்சியாளராக. சென்னை சன் குழுமத்தின் சன்ரைசர்ஸ் ஹைதராபாதுக்கு. 2023ல் தலைமைப் பயிற்சியாளர். அந்த வருடம் அணி கடைசி இடம். அதோடு சரி.

என் மகனுக்கு ஒன்பது வயது, இடது கை ஆட்டக்காரன். லாரா மாதிரி பேட்டை மிக உயரமாகத் தூக்குகிறான். கோச் இறக்கச் சொல்கிறார். என்ன செய்வது? (ஓசூர், ஒரு தாய்)

கோச்சிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அம்மா. அவர் சொல்வதில் காரணம் இருக்கிறது. பேட் உயரமாகப் போனால் வேகமான பந்துக்குக் கீழே வரத் தாமதமாகும். லாராவே இன்னிங்ஸின் ஆரம்பத்தில் அதனால் மாட்டியிருக்கிறார். ஆனால் அவருடைய பேட் மேலே எங்கே போனாலும் கீழே வரும்போது நேராக வந்தது, தலை ஆடவில்லை. பையனிடம் பார்க்க வேண்டியது அந்த இரண்டையும்தான். பந்து வீசுகிறவர் நிற்கும் இடத்திலிருந்து உங்கள் போனில் ஒரு ஓவர் வீடியோ எடுங்கள். பேட் பக்கவாட்டில், கல்லி பக்கமிருந்து சாய்ந்து வருகிறதா, நேராக வருகிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நேராக வந்தால் அதை கோச்சிடம் காட்டி, இன்னும் ஒரு வருடம் விட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். சாய்ந்து வந்தால் அவர் சொல்கிறபடி இறக்கிவிடுங்கள்.